பூமியின் தொந்தியும் புதன்கிழமை விமானமும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் அத்தை, தையல் மிஷின் மூவரும் நலம். மூவரில் மிஷின் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கிறது.

மகளைப் புதன்கிழமை மாலை நான்கு மணிக்கு ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும், மறுநாள் காலை ஆபரேஷன் என்றீர்கள். "நான் உள்ள போறதுக்குள்ள அம்மா பக்கத்துல இருக்கணும்ப்பா" என்று போனில் அவள் குரல் நடுங்கியதும் கத்தரியை வைத்துவிட்டு எங்கள் விமான டிக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். அதிலோ, புதன் காலை ஆறுக்குப் புறப்பட்டு அன்றே பகல் இரண்டுக்கு இறங்குவதாகப் போட்டிருக்கிறது. எட்டே மணி நேரமாம்! முப்பது வருஷமாக அளவெடுக்கிறவனிடமா இந்தக் கதை? கடைச் சுவரில் தொங்கும் உலகப் படத்தில் டேப்பை வைத்தேன். நம் ஊரிலிருந்து உங்கள் ஊருக்குப் பத்தொன்பது அங்குலம். ஆனால் பூமி உருண்டை. தொந்திக்காரருக்குத் தட்டையாக அளந்து தைத்தால் பொத்தான் தெறிக்காதா? அதற்கு இரண்டு அங்குலம். தையலில் மடிய அந்தப் பக்கம் அரை, இந்தப் பக்கம் அரை. ஆக இருபத்திரண்டு. அங்குலத்துக்கு ஐந்நூறு கிலோமீட்டர் என்று படத்திலேயே போட்டிருக்கிறது. பதினோராயிரம் ஆச்சா? மணிக்குத் தொள்ளாயிரம் பறந்தாலும் பன்னிரண்டே கால் மணி நேரம். மாலை ஆறே காலுக்கு முன்னால் இறங்க வழியே இல்லை.

டிக்கெட் போட்டுக் கொடுத்தவரிடம் நேரிலேயே கேட்டுவிட்டேன். "ஐயா, அங்க நேரம் நமக்குப் பின்னாடிங்க" என்றார். "நேரத்த மடிச்சுத் தைக்க அது என்ன பேன்ட் காலாப்பா?" என்றேன். தண்ணீர் குடிக்க எழுந்து போனவர் திரும்பவே இல்லை. உங்கள் அத்தைக்கு அவர் பக்கம்தான் நியாயம். "அவரு தினம் இருபது பேர ஏத்தி அனுப்புறாரு. நீங்க பக்கத்து ஊருக்கே பஸ் மாறி ஏறினவரு" என்கிறாள். வாஸ்தவம்தான். ஆனால் அது போர்டு படிக்காத குற்றம், இது கணக்கு.

ஆகவே நீங்கள் டாக்டரைப் பார்த்து, சேர்க்கிற நேரத்தை நான்கிலிருந்து எட்டுக்குத் தள்ளச் சொல்லுங்கள். நான் துணி கொடுத்தவர்களிடம் தள்ளாத தேதியா? தன்மையாகச் சொன்னால் எல்லாரும் கேட்பார்கள். இரண்டு மணிக்கே விமான நிலையத்துக்கு வந்து, அவளைத் தனியாக விட்டுவிட்டுக் கால்கடுக்க நிற்காதீர்கள். ஆறே காலுக்கு வந்தால் போதும்.

நீங்கள் இருவரும், வரப்போகிற மூன்றாமவரும் நோய்நொடி இல்லாமல் நிறைந்து வாழ, தாராளமாக அளந்து வெட்டிய ஆசிகளுடன்,

மாமனார்

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். தபால் நிலையத்தில் எடை போட்டவர், "போய்ச் சேர பதினஞ்சு நாளாகும்ங்க" என்றார். நாங்களோ நாளை மறுநாள் கிளம்புகிறோம். வீட்டுக்கு வந்தால் உங்கள் அத்தை போனில் நம் மகளிடம், "ரெண்டு மணிக்கு இறங்கிடுவோம்டி. நாலு மணிக்கு உன் கையப் பிடிச்சு நான்தான் உள்ள கூட்டிட்டுப் போவேன். அப்பா என்ன சொன்னாலும் சரின்னு சொல்லி வை" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மகள் சிரித்த சத்தம் வாசல்வரை கேட்டது. நடுக்கம் துளியும் இல்லை. எனவே டாக்டரிடம் ஒன்றும் பேச வேண்டாம். இதை நானே கையில் கொண்டு வந்து தருகிறேன். படித்ததும் ஒளித்து வையுங்கள். ஆபரேஷன் ஆன வயிற்றோடு அவள் சிரிக்கக் கூடாது.