தின்றவள் மகள், படுத்தவள் நான்

நான்கு வயதுக் குழந்தை கைநிறையத் தின்றும் ஒன்றுமே ஆகாத ஒரு பழத்தை, இரண்டே இரண்டு தின்ற அவளுடைய அம்மா ஏன் வாந்தி எடுத்தாள்?

இன்றுவரை எனக்கு விடை தெரியாது. (அந்த அம்மா நான்தான்.)

பிள்ளைகளை வெயிலிலும் மண்ணிலும் விட்டு வளர்க்க வேண்டும் என்று எங்கேயோ படித்துவிட்டேன். படித்ததைச் செய்யாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. செய்தாலும் வராது. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமல்லபுரத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் கடையில் எனக்கும் கணவருக்குமாக இரண்டு சைக்கிள் எடுத்தோம். என் சைக்கிளின் பின்இருக்கையில் மகள் யாழினி. எட்டு வயது மகன் அகிலன் அவனுடைய சொந்த சைக்கிளில். பூஞ்சேரி தாண்டி, மண்பாதையில் திரும்பினால் ஒரு பாறைக்குன்று. அதன் அடியில் களாக்காய் புதர்கள். பறித்து வந்து ஊறுகாய் போடுவதாகத் திட்டம்.

குளுக்கோஸ், தொப்பி, கொசு மருந்து, கட்டுத்துணி, மாற்று உடை என்று நான் அடுக்கியதைப் பார்த்துக் கணவர் கேட்டார்: "களாக்கா பறிக்கப் போறோமா, எல்லைக்குக் காவல் போறோமா?"

குன்றடியில் முதலில் பாடம் நடத்தினேன். "முள் இருக்கும், பறிச்சா பால் வரும். அதுதான் களாக்கா. அம்மாகிட்ட காட்டாம எதையும் வாயில வைக்கக் கூடாது."

அகிலன் நல்ல பிள்ளை. ஒவ்வொரு காயாகக் கொண்டுவந்து காட்டினான். விமான நிலையச் சோதனை அதிகாரிபோல ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்து அனுமதி வழங்கினேன். அந்த மும்முரத்தில், தூரத்துப் புதரருகே யாழினி எந்த அனுமதியும் கேட்காமல் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்ததை நான் பார்க்கவில்லை.

பார்த்தபோது அவள் உதடு கருஞ்சிவப்பு. புதரில் முள்ளும் இல்லை, பாலும் இல்லை. மிளகைவிடச் சற்றுப் பெரிய பழங்கள், இரட்டை இரட்டையாக.

"எத்தனை சாப்பிட்டே?"

பத்து விரலையும் காட்டினாள். (எத்தனை மூக்கு என்று கேட்டாலும் பத்து விரலைக் காட்டுகிற பருவம் அது.)

பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாளிடம் ஓடினேன். "அக்கா, இது என்ன பழம்?"

"தெர்லியேம்மா. ஆடு துன்னும்."

"மனுஷங்க?"

"நான் துன்னதில்ல." பிறகு ஆர்வமாக யாழினியின் முகத்தைக் குனிந்து பார்த்தார். "இன்னா கண்ணு, இனிக்குதா?"

"ம்ம். இன்னும் வேணும்."

அப்போதுதான் என் படித்த மூளை வேலை செய்தது. உள்ளே என்ன நடக்கிறது என்று குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. நானும் அதையே தின்றால், டாக்டரிடம் தெளிவாகச் சொல்லலாமே! இரண்டு பறித்து வாயில் போட்டேன். இனிப்புதான். கடைசியில் லேசான கசப்பு.

கணவர் அலறினார். "ஏய், என்ன பண்றே?"

"டெஸ்ட்."

"சைக்கிள் ஓட்டுறவளே டெஸ்ட் பண்ணினா எப்படி?"

பழத்தோடு ஒரு கிளையை ஒடித்து டிபன் பாக்ஸில் வைத்துக்கொண்டு மிதித்தோம். பாதி வழியில் என் நாக்கு மரத்ததுபோல் இருந்தது. எனக்கே இப்படியென்றால் அவளுக்கு? அந்த நேரம் பார்த்து, பின்னாலிருந்து அவள் தலை மெல்ல என் முதுகில் சாய்ந்தது.

தூக்கமா, மயக்கமா?

"யாழினீ!" என்று நான் போட்ட கூச்சலில் திடுக்கிட்டு விழித்து, ஓவென்று அழுதாள். பெற்ற பிள்ளை அழுவதைக் கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்ட தாய் நானாகத்தான் இருப்பேன். "அப்படித்தான் கண்ணு, அழுதுகிட்டே வா!" அழுகை ஓயும்போதெல்லாம் மறுபடி கத்தினேன். சாலையில் போனவர்கள் என்ன நினைத்தார்களோ.

மருத்துவமனை வாசலிலேயே வாந்தி எடுத்தேன். நான்தான்.

டாக்டர் யாழினியின் கண், நாக்கு, வயிறு எல்லாம் பார்த்தார். கிளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை. போட்டோ எடுத்து யார் யாருக்கோ அனுப்பினார். "கிளையைக் கொண்டுவந்தது ரொம்ப சரி. நீங்க எதுக்கும்மா சாப்பிட்டீங்க?"

"கம்பேர் பண்ண, சார்."

அவர் என் கணவரைப் பார்த்த பார்வையில் ஆழ்ந்த அனுதாபம் இருந்தது.

சாயங்காலம் வரை இருவரையும் கண்காணிப்பில் வைத்தார்கள். குழந்தைகள் வார்டில், முயல் படம் போட்ட விரிப்பில், டிரிப்ஸோடு நான். கட்டில் விளிம்பில் காலாட்டியபடி, பிஸ்கட்டோடு யாழினி. டிரிப்ஸ் பாட்டில் மாற்ற வந்த நர்ஸ் அடக்க முடியாமல் கேட்டுவிட்டார்: "இன்னாக்கா, கொயந்தைய நீங்க இட்டுகினு வந்தீங்களா, உங்கள கொயந்த இட்டுகினு வந்துச்சா?" பக்கத்துக் கட்டில் அம்மா விசாரித்தபோது யாழினியே பதில் சொன்னாள். "எங்கம்மாக்குதான் உடம்பு சரியில்ல. கண்ட பழத்த சாப்ட்டாங்க."

அவளுக்குக் கடைசிவரை ஒன்றும் ஆகவில்லை. எனக்கு ஆனது பழத்தினாலா, என் கற்பனையினாலா என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை. யாரும் அவருக்குப் பழத்தின் பெயரைச் சொல்லி அனுப்பவும் இல்லை.

இன்றும் வீட்டில் புதிதாக எதைச் சமைத்தாலும் மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். "முதல்ல அம்மா சாப்பிடட்டும். ஒண்ணும் ஆகலேன்னா நாம சாப்பிடலாம்." விருந்தாளிகள் முன்னாலும்தான்.

அதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். டிபன் பாக்ஸில் மிச்சமிருந்த பழங்களைப் பிள்ளைகள் பால்கனித் தொட்டியில் புதைத்திருக்கிறார்கள். தக்காளி என்று நினைத்து நானும் தண்ணீர் ஊற்றினேன். இப்போது என் இடுப்பு உயரம். இலைகள் எதிரெதிராக, தடிப்பாக, மேலே பளபளப்பு. போன வாரம் வெள்ளை மொட்டுகள் வந்திருக்கின்றன. பிடுங்கிப் போடலாம் என்று இருமுறை கை வைத்தேன். இரண்டு முறையும், காய்த்தால் என்னவென்று தெரிந்துவிடுமே என்று விட்டுவிட்டேன். யாழினி தினமும் ஸ்டூல் போட்டு ஏறிப் பார்க்கிறாள்.

இது என்ன செடி என்று தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். தெரியாதவர்கள், பிடுங்கவா வேண்டாமா என்றாவது சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம். பழுத்துவிட்டால் நான் மறுபடி தின்று பார்த்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.