அலுமாரிக்குள் நின்று பிரைட்டன் பார்த்தது

நான் பிரைட்டனுக்குப் போனதே இல்லை. ஆனால் அங்கே எங்கே தங்கலாம், எதைப் பார்க்கலாம், கடற்கரைக்கு எந்தச் செருப்போடு போக வேண்டும் என்று யார் கேட்டாலும் சொல்லுவேன். (செருப்பு முக்கியம். அங்கே மணல் இல்லை. முழுக்கக் கூழாங்கல்.) மூன்று நாள் அந்தப் பட்டணத்தைப் பாடமாக்கினேன். இருட்டுக்குள் நின்று பாடமாக்கியது. மறக்காது.

எங்கள் மகள் நிரோஜா சுவிஸில் எங்கடின் மலைப் பக்கம் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறாள். முதல் முழுச் சம்பளம் வந்ததும் எனக்கும் மனைவி வசந்திக்கும் இங்கிலாந்தில் பிரைட்டன் கடலோரம் நாலு நாள் பதிந்து தந்தாள். வசந்தி கடலைப் பார்த்து இருபது வருடத்துக்கு மேல். விமானச் சீட்டு, கடல் தெரியும் அறை, ஒவ்வொரு நாளும் எங்கே போவது என்ற பட்டியல். பட்டியலைத் தமிழில், தன் கையால் எழுதியிருந்தாள். அவளுடைய தமிழ் எழுத்து எப்போதும் ஒரு பக்கம் சாயும். இது நேராக நின்றது.

ஒரு வேலையை மட்டும் என்னிடம் விட்டாள்.

"அப்பா, உங்கட ரெண்டு பேரின்ர இலங்கைப் பாஸ்போட்டுக்கும் இங்கிலண்ட் விசா வேணும். எடுத்திட்டீங்களோ?"

"ஓம், ஓம்."

எடுக்கவில்லை. என்னிடம் சுவிஸில் நிரந்தரமாக இருக்க சி பெர்மிட் இருக்கிறது. அதோடு பாரிசுக்குப் போயிருக்கிறேன், ஜெர்மனிக்குப் போயிருக்கிறேன். ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை. இங்கிலாந்துக்கு மட்டும் என்ன கொம்பா? (இஞ்ச பிறந்த பிள்ளை எனக்குப் பெர்மிட் படிப்பிக்குதாம்.)

சூரிச் விமான நிலையத்தில் சீட்டுப் பார்க்கும் பெண் என் பாஸ்போட்டை முன்னிருந்து பின்னாகப் புரட்டினாள். பிறகு பின்னிருந்து முன்னாகப் புரட்டினாள். "விசா?" என்றாள். பெர்மிட்டைக் காட்டினேன். குழந்தையைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள்.

திரும்பி ரயில் ஏறினோம். எங்கள் ஊர் வின்டர்தூர் வந்தது. இறங்கும்போது வசந்தி ஒன்று சொன்னாள்.

"பிள்ளையின்ர முதல் சம்பளம்."

அவ்வளவுதான். அதற்கு மேல் என்ன சொல்ல? அந்தப் பட்டியல் அவளுடைய கைப்பைக்குள் இருந்தது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பிள்ளைக்குத் தெரியக் கூடாது. நாலு நாள் வீட்டுக்குள் ஒளிந்திருப்பது. பிறகு போய் வந்ததாகச் சொல்வது.

"உங்களுக்கு விசர் பிடிச்சிட்டுது," என்றாள் வசந்தி. ஆனால் கூட வந்தாள்.

ஒரு சிக்கல் இருந்தது. எதிர்வீட்டு ஹூபர் அம்மாவிடம் சாவி கொடுத்திருந்தோம், செடிகளுக்குத் தண்ணீர் விட. எண்பது வயது. நாங்கள் இருக்கும் வீட்டில்தான் அவரும் புருசன் வால்டரும் முப்பது வருடம் இருந்தவர்கள். வால்டர் செத்த பிறகு அவர் எதிரே சின்ன வீட்டுக்கு மாறினார். நாங்கள் இங்கே வந்தோம். நிரோஜாவுக்குச் சின்ன வயதில் ஜெர்மன் வாசிக்கப் பழக்கியதும் அவர்தான். இரண்டு பேரும் ஃபோனில் எல்லாம் கதைப்பார்கள். அவர் எங்களைக் கண்டால் பிள்ளை கண்ட மாதிரி.

யன்னல் மறைப்புகளைக் கீழே இறக்கினோம். பகலும் வீடு இருட்டு. சத்தமில்லாமல் பாணும் ஜாமும் சாப்பிட்டோம்.

முதல் நாள் காலை பத்து மணி. சாவி திரும்பும் சத்தம். கறிவேப்பிலைச் செடிச் சாடி படுக்கையறையில் இருக்கிறது, சூட்டுக்காக. ஓட இடமில்லை. இரண்டு பேரும் அலுமாரிக்குள் ஏறிக் கதவைச் சாத்தினோம். சேலை, பூச்சி உருண்டை மணம், வசந்தியின் முழங்கை.

தண்ணீர் விடும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அவர் போகவில்லை. கட்டில் கிறீச்சிட்டது. இருந்துவிட்டார்.

"வால்டர்," என்று மெதுவாகக் கூப்பிட்டார். "இங்கேயா இருக்கிறாய்?"

பூச்சி உருண்டை மூக்கில் ஏறியது. இருமிவிட்டேன்.

கட்டில் திரும்பவும் கிறீச்சிட்டது.

"எனக்குத் தெரியும்," என்றார். "அங்கே சுகமாக இருக்கிறாயா?"

வசந்தி என் தொடையில் கிள்ளினாள். அந்த நோவை அடக்கப் போய் இன்னொரு தரம் இருமினேன். அவர் சின்னப் பிள்ளை போல் சிரித்தார். பிறகு அழுதார். போய்விட்டார்.

செத்தவனுக்குப் பதிலாக இருமின முதல் தமிழன் நானாகத்தான் இருப்பேன்.

அன்று நிரோஜாவின் செய்தி வந்தது. "அறை எப்படி? கடல் தெரியுதோ?"

இறக்கின மறைப்பைப் பார்த்தேன். "தெரியுது. கொஞ்சம் இருட்டு."

"கடலுக்குள்ள நீட்டிக் கட்டின பாலத்துக்குப் போனீங்களோ? படம் அனுப்புங்கோ."

"பனி. ஒண்டும் தெரியேல்ல."

"அப்பா, அங்க வெயில் எண்டெல்லோ ஃபோனில காட்டுது."

"நாங்கள் நிக்கிற பக்கம் பனி."

இரண்டாம் நாள் ஹூபர் அம்மா தலை சீவி, வாசனை பூசி வந்தார். தட்டில் கோப்பைகள் உரசும் சத்தம் கேட்டது. கோப்பி மணந்தது. கதவு இடுக்கால் பார்த்தேன். இரண்டு கோப்பை.

ஒரு மணித்தியாலம் கட்டிலில் இருந்து கதைத்தார். பல் கழற்றினது, லிஃப்ட் பழுதானது, எல்லாம். நான் உடுத்திருந்த சாரத்தின் நுனியை வாய்க்குள் திணித்துக்கொண்டு நின்றேன். இருமவில்லை. ஆனால் அவர் கேள்வி கேட்டார். கொஞ்சம் பொறுத்தார். பிறகு, "அப்படியா?" என்றார். "இல்லையில்லை, அது மார்ச்சில்," என்று திருத்தினார். யாரோ ஏதோ சொன்ன மாதிரி.

நடுவில் ஓர் இருமல் கேட்டது. கிட்டத்தான். வசந்தி காரியத்தைக் கெடுத்துவிட்டாள் என்று பல்லைக் கடித்தேன். அவள் என் கையைக் கிள்ளினாள்.

அன்று பின்னேரம் வசந்திக்குப் பாண் வெறுத்துவிட்டது. மீன் குழம்பு வைத்தாள். நானும் தடுக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை ஹூபர் அம்மா வந்து, மூக்கை உறிஞ்சி, தண்ணீர் விடாமலே போனார். நாங்கள் அன்றைய பட்டியலைப் படித்தோம். வெங்காயம் மாதிரிக் கூரை வைத்த பழைய ராசாவின் மாளிகை. பிறகு ஒடுங்கிய சந்துகளில் கடைகள்.

பின்னேரம் திரும்பவும் சாவி. அலுமாரிக்குள் ஏறினோம். இந்த முறை காலடி நாலு. ஒரு சோடிக்கு அவசரம். நேரே வந்து அலுமாரிக் கதவைத் திறந்தது.

நிரோஜா. வேலைக்கு லீவு போட்டு, மலை ரயில் ஏறி வந்திருக்கிறாள். பின்னால் ஹூபர் அம்மா. உள்ளே நான், சாரத்தோடு. என் தலையில் வசந்தியின் கூறைச் சேலை.

பிள்ளை அந்தச் சேலையை என் தலையிலிருந்து எடுத்தாள்.

"அப்பா, கடல் தெரியுதோ?"

ஹூபர் அம்மா அவளுக்கு ஃபோன் எடுத்திருக்கிறார். வால்டர் வந்திருக்கிறார், அலுமாரிக்குள் இருமுகிறார், ஆனால் மீன் மணக்கிறது, வால்டர் மீன் தொட மாட்டாரே என்று.

நான் இறங்கினேன்.

"காசு போகட்டும் அப்பா," என்றாள். "அம்மா கடல் பாக்க வேணும் எண்டுதானே செய்தனான். ஓம் எண்டு ஏன் சொன்னீங்கள்?"

வசந்திதான் கைப்பையிலிருந்து பட்டியலை எடுத்துக் காட்டினாள். மடித்து மடித்துக் கிழிந்திருந்தது. "எல்லாம் பாடமாக்கிப் போட்டம் பிள்ளை," என்றாள். நிரோஜா கட்டிலில் விழுந்து சிரித்தாள். அழுதும் இருப்பாள்.

நான் ஹூபர் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "இருமினது நான்தான்."

"எத்தனை தரம்?"

"முதல் நாள். இரண்டு தரம்."

"நேற்று?"

"இல்லை."

அவர் வசந்தியைப் பார்த்தார். வசந்தி என்னைப் பார்த்தாள். "நான் இல்லை," என்றாள் தமிழில். "நீங்கள் எண்டு நினைச்செல்லோ கிள்ளினனான்."

அவள் தலையாட்டியதிலேயே ஹூபர் அம்மாவுக்கு விளங்கிவிட்டது. சிரித்தார். முதல் நாள் விட்டுப் போன கோப்பைத் தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

இப்போது எங்கள் பாஸ்போட் இரண்டும் நிரோஜாவிடம். வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்லுவாள், "அப்பா பிரைட்டன்ல அலுமாரி ஹோட்டல்ல நிண்டவர்." நான் இருமினால், "வால்டர், வந்திட்டீங்களோ?" என்று கேட்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். வசந்தி சிரிப்பதில்லை.

புதன்கிழமைகளில் பத்து மணிக்கு ஹூபர் அம்மா இரண்டு கோப்பையோடு வருவார், கறிவேப்பிலைக்குத் தண்ணீர் விட. நாங்கள் வெளியூர் ஒன்றும் போவதில்லை. இருந்தாலும் அந்த நேரம் இரண்டு பேரும் உடுப்புத் தோய்க்கக் கீழே சலவை அறைக்குப் போய்விடுவோம். போகும்போது அலுமாரிக் கதவைத் திறந்து விட்டுத்தான் போவோம்.

திரும்பி வந்து பார்த்தால், சில நாள் மூடியிருக்கும்.