மேல் பங்களா மணி

பங்களா மணி மூன்றாவது முறையாக அடித்தபோது புதன்கிழமை காலை ஒன்பதுதான் ஆகியிருந்தது. காப்பிச் செடிகளுக்கு நடுவே நாற்பது பெண்களும் மூன்றாவது முறையாக இடுப்புச் சாக்கை அவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள்.

எஸ்டேட் வேலையையும் கணக்கையும் பார்க்கும் ரைட்டர் ஆண்டனி ராஜ் மேட்டிலிருந்து ஓடிவந்தார்.

"எந்திரிங்க! யாரு உக்காரச் சொன்னது?"

"மணி அடிச்சுதுங்களே," என்றாள் கண்ணம்மாள், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவியபடி. கூட்டத்துக்கு மூத்தவள். அவள் எழுந்தால்தான் மற்றவர்கள் எழுவார்கள்.

"அது நம்ம மணி இல்லம்மா. பங்களா மணி!"

"ஏனுங்க, மணியில நம்முளுது அவிங்குளுதுன்னு இருக்குதுங்களா? மணி அடிச்சா சாக்கை எறக்கோணும்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?"

"நம்மளுது தண்டவாளத் துண்டு, அது வெண்கலம். சத்தத்துல வித்தியாசம் தெரியல?"

"காது நொம்ப மந்தமாப் போச்சுங்க."

மலைமேல் வாழவந்திப் பக்கத்து எஸ்டேட் அது. அங்கே மணி அடித்தால் வேலை நிற்கும். டீக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு ஒன்று, வீடு திரும்ப ஒன்று. எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருந்தது. முதலாளி மேல் பங்களாவை மன அமைதி முகாமுக்கு வாடகைக்கு விட்டார், வந்தது வினை. ரம்யா என்ற பயிற்சியாளர் சென்னையிலிருந்து பதினெட்டுப் பேரை அழைத்து வந்திருந்தார். வெள்ளிக்கிழமை மதியம் வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. மணி அடித்தால் செய்கிற காரியத்தை அப்படியே விட்டுவிட்டு மூச்சைக் கவனிக்க வேண்டும். அரைமணிக்கொரு தரம் அடித்தது. மேலே பதினெட்டுப் பேர் மூச்சைக் கவனித்தார்கள். கீழே நாற்பது பேர் வெற்றிலை போட்டார்கள்.

சனிக்கிழமை முதலாளி வருகிறார். "அதுக்குள்ள மேல்காட்டுப் பழம் மொத்தமும் எறங்கியிருக்கணும். இல்லேன்னா வேற ரைட்டரைப் பாத்துக்கறேன்," என்று போனில் சொல்லியிருந்தார். வேலை போனால் எஸ்டேட் கொடுத்த வீடும் போகும். மகள் பத்தாவது படிக்கிறாள். பழமோ பழுத்துத் தரையில் உதிர்ந்துகொண்டிருந்தது. ஆண்டனி ராஜுக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. பயம் வந்தால் அது அவருக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

கோபத்தோடு பங்களாவுக்கு ஏறினார். வாயைத் திறப்பதற்குள் ரம்யா உதட்டில் விரலை வைத்தார். ஒரு துண்டுக் காகிதமும் பென்சிலும் கொடுத்தார். 'அரைமணிக்கொரு தரம் மணி அடிக்கிறது!' என்று காகிதம் கிழியும்படி எழுதி நீட்டினார் ரைட்டர். ரம்யா படித்துவிட்டு, அடியில் அழகாக எழுதினார்: 'ஆமாம். ஒரு தடவைகூடத் தவறவில்லை. நன்றி.'

என்ன கொழுப்பு! மேற்கொண்டு எழுத இடமில்லை. அந்த அம்மாள் அதற்குள் அவரைப் பாயில் உட்காரவைத்து, மூச்சை எண்ணச் சொல்லி சைகை காட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். ஆண்டனி ராஜ் எண்ணினார். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு சாக்கு கீழே இறங்குவது கண்ணுக்குள் தெரிந்தது.

போதாதற்கு, ரைட்டருக்கே ஆர்வம் வந்துவிட்டது என்று நினைத்த ரம்யா அன்று மாலையே தோட்டத்துக்கு இறங்கி வந்தார். பெண்களுக்கு முதுகை நிமிர்த்தி உட்காரச் சைகையாலேயே கற்றுக்கொடுத்தார். அதுவரை மணி அடித்தால் ஐந்து நிமிடம் உட்கார்ந்தவர்கள் அதன்பிறகு கண்ணை மூடிப் பதினைந்து நிமிடம் உட்கார்ந்தார்கள். இரண்டு பேர் குறட்டையே விட்டார்கள்.

வியாழக்கிழமை காலை ஆண்டனி ராஜ் புது உத்தரவு போட்டார். "இனிமே எந்த மணிக்கும் மதிப்பு இல்லை. நான் விசில் ஊதினாத்தான் உக்காரணும்."

பத்து மணி வரை வேலை ஜோராக நடந்தது. பத்துக்கு, டீக்காக, ரைட்டர் பெருமையோடு இரண்டு முறை விசில் ஊதினார். கீழே வளைவில் பஸ் நின்றிருந்தது. இரண்டு விசில் கேட்ட டிரைவர் கியரைப் போட்டுக் கிளம்பிவிட்டார். கண்டக்டர் மாதேஷ் டீக்கடையில், கையில் கிளாசோடு நின்றிருந்தார்.

மூச்சிரைக்க மேலே ஏறி வந்த மாதேஷ் கேட்டார்: "யாருங்க இங்க விசில் ஊதுனது?"

"நான்தான். என் எஸ்டேட், நான் ஊதறேன்."

"உங்க எஸ்டேட்டுல நீங்க ஊதுனீங்க, என் பஸ்ஸு ஒண்டிக்கடை ஸ்டாப்புக்கே போயிருச்சுங்க! டிக்கெட் பையி எங்கிட்ட இருக்குது!"

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. சண்டையை நாற்பது பேரும் வட்டம் கட்டி நின்று பார்த்தார்கள். மாதேஷ் விசிலைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார். ஆண்டனி ராஜ் அவரைப் பைக்கில் கொண்டுபோய் பஸ்ஸில் சேர்த்துவிட்டுத் திரும்பினபோது பன்னிரண்டு.

"விசிலும் போச்சுங்களா?" என்று அனுதாபத்தோடு கேட்டாள் கண்ணம்மாள். "அப்பப் பழையபடி மணிதானுங்களே?"

வெள்ளிக்கிழமை காலை, எல்லோரும் இட்லி சாப்பிடும் நேரம் பார்த்து ஆண்டனி ராஜ் பங்களா வராந்தாவுக்குப் போனார். மணியின் நாக்கைக் கழற்றி பேன்ட் பையில் போட்டுக்கொண்டு இறங்கிவந்தார். திருட்டுத்தான். ஆனால் அன்று சாக்குகள் நிரம்பிய வேகத்தைப் பார்த்தால் கர்த்தரே மன்னித்துவிடுவார் என்று தோன்றியது.

மேலேயோ, பத்து மணிக்குக் கண்ணை மூடியவர்கள் மணி அடித்தால்தான் திறக்க வேண்டும். மணியடிக்கும் முறை வந்தவர் உட்கார்ந்தபடியே கயிற்றை இழுத்தார். சத்தம் வரவில்லை. சொல்லலாம் என்றால் பேசக் கூடாது. அவர் இழுத்துக்கொண்டே இருந்தார்.

ஒன்றரை மணிக்குக் கண்ணம்மாள் பங்களாவுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கத்தினாள். "ஐயோ, ஓடியாங்க! அத்தனை பேருக்கும் காலு மரத்துப்போயி எந்திரிக்க முடியலீங்க!"

நாற்பது பேரும் சாக்கைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ஆளுக்கொரு காலைப் பிடித்துத் தேய்த்தார்கள். மூன்று மணி ஆகியும் தேய்ப்பு முடியவில்லை. மேல்காட்டில் இன்னும் ஆறு வரிசை பாக்கி. ஆண்டனி ராஜ் வாசலில் நின்று அந்த முப்பத்தாறு கால்களையும் பார்த்தார். அவருக்குத் தாங்கவில்லை. பையிலிருந்து மணியின் நாக்கை எடுத்து நீட்டினார்.

"மன்னிச்சிருங்க மேடம். நான்தான் கழட்டினேன். பழம் எறங்கலைன்னா நாளைக்கு என் வேலை போயிரும், ஊடு போயிரும். எம் பொண்ணு பரிட்சை எழுதணும்..." கண் கலங்கிவிட்டது.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கண்ணம்மாளின் வாய் வெற்றிலை மெல்வதை நிறுத்தியது.

"கண்ணைத் தொடைங்க, ரைட்டரய்யா," என்றாள். "நாளைக்கு வெடியாலே வந்து ஆறு வரிசையையும் எறக்கிப் போடறோம். மொதலாளி வர்றதுக்குள்ள முடிஞ்சுருமுங்க. எங்களை நம்புங்க."

ஆண்டனி ராஜ் நெகிழ்ந்துபோனார். என்ன வெள்ளை மனசு இவர்களுக்கு! இவர்களைப் போய்த் திட்டினோமே என்று வெட்கமாக இருந்தது.

"உங்களால மேடம்," என்றார் ரம்யாவிடம், "இனிமேலாவது அந்த மணியைக் கொஞ்சம் கொறச்சு அடிக்க முடியுமா?"

மூன்று நாள் மௌனம் முடிந்து ரம்யா முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"எங்க வழக்கமே காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணுதான் சார். அரைமணிக்கொரு தரம் அடிக்கலேன்னா காட்டெருமை உள்ள வந்துடும், இது ரைட்டர் உத்தரவுன்னு நீங்கதானே கண்ணம்மாள் அக்காகிட்டச் சொல்லி அனுப்பினீங்க?"