இதய ஆபரேஷன் இல்லை அக்கா, தைமஸ்

அன்புமிக்க அக்காவுக்குத் தம்பி எழுதுவது. அங்கே நீயும் அத்தானும் முழுச் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நான் முக்கால் சுகம்.

முதலில் ஒரு பொய்யை ஒத்துக்கொள்கிறேன். எனக்கு நடந்தது இதய ஆபரேஷன் இல்லை. நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி, அதில் கட்டி வந்து, சுரப்பியையே எடுத்துவிட்டார்கள். இதயம் என்றால் ஒரு மரியாதை இருந்தது, நீயும் போனில் அழுதாய், அத்தான்கூட பழைய சண்டையை மறந்து "மாப்ளே" என்றார், அதைக் கெடுக்க மனசு வரவில்லை.

நோயை எதிர்க்கிற டி செல்களுக்கு அந்தச் சுரப்பிதான் பள்ளிக்கூடமாம். வயசானால் தானே சுருங்குமாம், ஆனாலும் கொஞ்சம் நடந்துகொண்டிருக்குமாம். "இனி புதுசா படிச்சு வர்றது ரொம்பக் குறைஞ்சிடும். இருக்கறதுங்களே பெருகி வேலையப் பார்க்கும். புதுக் கிருமின்னா தடுமாறலாம், ஜாக்கிரதை" என்றார் டாக்டர். "நானும் மூணாங் கிளாஸோட நின்னவன்தான் சார், சமாளிக்கலையா?" என்றேன். அவர் லேசாகச் சிரித்தார். என் வீட்டுக்காரி சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து சலூனைப் பூட்டச் சொல்கிறாள். "ஊர்ல இருக்கற இருமல் எல்லாம் உங்க மூஞ்சியிலதான் இருமுது!" நியாயம்தான், ஆனால் இருபத்தாறு வருஷமாக நின்ற கால் அக்கா, வீட்டில் உட்காரவைத்தால் நான் என்ன ஆவேன்? இப்போது அவளே கடை வாசலில் நாற்காலி போட்டு, வருகிறவனை எல்லாம் "எங்க, மூச்ச இழுத்து விடு" என்கிறாள். நேற்று ஒருத்தன், "இது சளி இல்ல அண்ணி, அழுத மூக்கு. மாமியார் வந்திருக்காங்க" என்று கெஞ்சினான். விடவில்லை. நானும் முகமூடியும் சும்மா நிற்கிறோம். வெட்டிக் களைத்த நாள் உண்டு, வெட்டாமல் இப்படிக் களைத்ததில்லை.

இன்று சாயங்காலம் டாக்டர் கடைக்கே வந்து பார்த்துச் சொல்கிறாராம். அவர் சொன்னால்தான் இவள் கேட்பாள். கடை பிழைக்க வேண்டுமென்று நீயும் வேண்டிக்கொள். அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி, உனக்கு ஒரு மன்னிப்பு.

பின்குறிப்பு: டாக்டர் வந்தார். தடுப்பூசி போட்டுக்கொண்டு, முகமூடியோடு கடையை நடத்தலாம் என்றார். சந்தோஷத்தில், "உக்காருங்க சார், மீசைய ஒதுக்கி விடறேன்" என்றேன். பெரிய மனுஷர் என்று அவரை மட்டும் இவள் மூச்சு விடச் சொல்லவில்லை. பாதியில் தும்மினார். நான் பின்னால் குதித்தேன். காயம் இல்லை. இடது பக்க மீசையும் இல்லை. கடையைப் பற்றி யோசித்துச் சொல்கிறேன் என்றார். வலது பக்கத்தையும் எடுக்கச் சொன்னார். எடுத்தேன்.