ஏழடித் தண்ணீர்

பேனாவால் ஒரு ஏரியை நிரப்பியவன் நான். மழையால் முடியாததை இருபத்து மூன்று வயதில், நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே செய்து முடித்தேன்.

அறுபதுகளின் தொடக்கம். திண்டிவனத்தில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் (எதுவென்று கேட்காதீர்கள், பென்ஷன் வாங்குகிறேன்) தற்காலிக குமாஸ்தா. என்னை நிரந்தரமாக்கும் காகிதம் புதிதாக வந்த ஆபீசரின் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. அவரோ காவிரிக்கரைக்காரர்.

"பாலைவனத்துக்குத் தூக்கிப் போட்டுட்டாங்கய்யா. ஞாயித்துக்கிழமை ஒரு தூண்டில் போட எடமில்ல" என்று தினமும் புலம்புவார்.

"நான் ஏற்பாடு பண்றேன் சார்" என்றேன். வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

ஏரியைத் தேடி எங்கும் அலையவில்லை. ஃபைலைப் புரட்டினேன். ஒலக்கூர் பக்கத்து ஊர் ஒன்றின் ஏரி: 'நீர் ஏழடி. நிரம்பியுள்ளது.' எழுதியது நான்தான். அந்த ஊர்ப் பக்கமே போகாமல், முந்தின வருஷத்துக் குறிப்பைப் பார்த்து அப்படியே எழுதியது. ஆனாலும் ஃபைலில் ஏறிவிட்டால் அது உண்மை என்று நானே நம்பினேன். அப்பேர்ப்பட்ட மண்டை. ஆபீசரிடமும் அந்தப் பக்கத்தைக் காட்டி, "நான் எழுதினதுதான் சார்" என்று பெருமையாகச் சொன்னேன்.

பியூன் கோவிந்தன் மட்டும் தலையைச் சொறிந்தான். "வைகாசில ஏரில ஏது சார் தண்ணி? பேஜாராயிடும் சார்."

"ஃபைல்ல இருக்குய்யா. உனக்கு என்ன தெரியும்?"

ஞாயிறு காலை கோவிந்தனையும் ஏற்றிக்கொண்டு ஜீப் கிளம்பியது. ஆபீசரிடம் சீமைத் தூண்டில், தொப்பி. என்னிடம் ஒரு டப்பா மண்புழு, எண்ணெய் பாட்டில், அரைத்த மசாலா, இருப்புச்சட்டி. பிடித்த மீனை அங்கேயே பொரித்துப் போட்டால் கையெழுத்தும் அங்கேயே விழும் என்பது என் கணக்கு.

ஜீப் ஏரிக்கரை மேல் ஏறி நின்றது. கீழே ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. நட்டநடு ஏரியில் ஒரு மாட்டுவண்டி புழுதி கிளப்பிக்கொண்டு குறுக்கே போனது. கோவிந்தன் என்னைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தான்.

ஆபீசர் தூண்டிலோடு உள்ளே இறங்கி நடந்தார். நானும் சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். நடுவில் ஓர் ஊற்றுக்குழி. அதற்குள் உட்கார்ந்து ஒரு நடுவயது அம்மாள் கொட்டாங்குச்சியால் தண்ணீர் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"மீனா புடிக்க வந்தீங்க? விடிஞ்சதுலேர்ந்து மொண்டுக்கினு கீறேன், ரெண்டு கொடம் ரொம்பலீங்க. கெணறு வெட்டிக் குடுங்கன்னு எழுதிப் போட்டோம். ஏரி ரொம்பிக்கினு கீது, கெணறு வாணாம்னு பதில் வந்துச்சுங்க. எந்தப் புண்ணியவான் வந்து பாத்தானோ!"

அந்தப் புண்ணியவான் கையில் சட்டியோடு நின்றான். ஊருக்குப் போன பதிலும் நான் எழுதியதுதான் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்தக் கலங்கல் தண்ணீரைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. அதுவரை வெட்கப்படும் பழக்கம் எனக்குக் கிடையாது.

ஆபீசர் திரும்பினார். "எத்தனை அடின்னு எழுதினே?"

"ஏழடி சார்."

"நீ எத்தனை அடி?"

"அஞ்சரை சார்."

"இப்ப எங்க நிக்கறே?"

"ஏரிக்கு நடுவுல சார்."

"அப்ப முழுகிப் போயிருக்கணுமே?"

குழிக்குள்ளிருந்து அந்த அம்மாள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! ஆடு மேய்த்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். ஆபீசர் என்னை அங்கேயே தரையில் உட்காரவைத்து, இருப்புச்சட்டியைக் கவிழ்த்து அதன்மேல் காகிதம் வைத்து, கண்ணால் கண்டதைப் புதிதாக எழுதவைத்தார். எழுதி முடித்ததும், "கெணத்துல தண்ணி வர்ற அன்னிக்குத்தான் உன் காகிதத்துல கையெழுத்து" என்றார்.

கிணறு வெட்டித் தண்ணீர் வர ஒன்றரை வருஷமானது. வாராவாரம் சைக்கிளில் போய் வேலையைப் பார்த்தேன். ஊரார் அதற்குத் தூண்டில் கிணறு என்று பேர் வைத்தார்கள். அப்படிப் போய்வந்ததில் அந்த அம்மாளின் தம்பி மகளையே கல்யாணமும் செய்துகொண்டேன். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கதை வீட்டுக்குள்ளும் வந்து சேர்ந்தது.

இன்றைக்கும் கத்தரிக்காய் வாங்கிவந்து, "பூச்சியே இல்லை" என்று நான் சொன்னால் போதும். என் மனைவி அரிவாள்மனையிலிருந்து தலை தூக்காமலே கேட்பாள்:

"பாத்துச் சொல்றீங்களா, எழுதிச் சொல்றீங்களா?"