பதினொரு முதலாளிகள், பதினொரு தொழிலாளிகள், ஒரு சாவி

சேவூரில் பதினொரு நெசவாளர்கள் சேர்ந்து ஒரு பட்டுச் சங்கம் ஆரம்பித்தார்கள். அதுவரைக்கும் தப்பில்லை. ஆனால் முதலாளி என்று தனியாக ஒருத்தரை வைக்க மறந்துவிட்டார்கள். தறியில் உட்காருகிறவர்களே சொந்தக்காரர்கள் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்கள். இப்படி ஒரு விபரீதம் நடந்தால் அரசாங்கம் சும்மா இருக்குமா? வளர்த்துவிடக் கிளம்பி வந்துவிட்டது.

சங்கத்துச் செயலாளர் பரிமளாவுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: ஊர்க்கோடியில் பூட்டிக் கிடந்த அரசாங்கத்துப் பழைய நெல் குடோன். புடவைக்குப் பாவு போடுவதென்றால் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, எல்லோரும் ஆளுக்கொரு இடத்தில் பிடித்துச் சீர்செய்ய வேண்டும். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் அத்தனையும் பாழ். போன வருஷம் இரண்டு பாவு அப்படிப் போனதில் பரிமளாவுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. இந்த வருஷம் வந்தவாசிக் கல்யாண வீடு ஒன்றுக்கு மூன்று புடவை ஒப்புக்கொண்டிருந்தார்கள். சங்கத்தின் முதல் ஆர்டர். சொதப்பினால் அப்புறம் எவன் நம்பிக் கொடுப்பான்?

மனுவோடு வளர்ச்சி அலுவலர் சிவப்பிரகாசத்திடம் போனாள்.

"உரிமையாளர் யாரும்மா?"

"நாங்க பதினொரு பேருங்க."

"தொழிலாளி?"

"அதுவும் நாங்கதாங்க."

அலுவலர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டினார். "அப்போ உங்களைச் சுரண்டுறது யாரு?"

"யாரும் இல்லைங்க சார்."

"படிவத்துல அந்தக் கட்டத்தைக் காலியா விட முடியாதும்மா."

விதிப்படி, முதலாளி தரப்புக்கும் தொழிலாளி தரப்புக்கும் நல்லுறவு நிலவுவதாகச் சான்று வேண்டும். சமரசம் ஆன பிறகுதான் நல்லுறவு. சமரசம் ஆக வேண்டுமானால் முதலில் தகராறு வந்தாக வேண்டும். தகராறே வராத இடத்தில் நல்லுறவு இருக்கிறதென்று எதை வைத்துச் சொல்வது? சார் கேட்டதில் நியாயம் இருக்கத்தானே செய்கிறது!

திங்கட்கிழமை சங்கக் கட்டடத்தில் முத்தரப்புப் பேச்சுவார்த்தை இனிதே தொடங்கியது. நீள மேஜை. இந்தப் பக்கம் முதலாளிகளுக்குப் பதினொரு நாற்காலி. அந்தப் பக்கம் தொழிலாளிகளுக்குப் பதினொரு ஸ்டூல். கோரிக்கை வைத்ததும் எழுந்து, மேஜையைச் சுற்றிப் போய், எதிரில் உட்கார்ந்து தானே பதில் சொல்ல வேண்டும்.

"முட்டி வலிக்குது சார்," என்றார் அறுபது வயசு ஜெயவேல். "நான் இங்க குந்திகினே என்னைத் திட்டிக்கிறேனே?"

"செல்லாதுங்க. பதிவேட்டுல இடம் மாறணும்."

காலையில் எல்லோருக்கும் ஒரே பேஜாராக இருந்தது. பதினொரு மணிக்கு டீ வந்தது. நாற்காலிப் பக்கத்துக்கு மட்டும் பிஸ்கட்டும் வந்தது. அதற்கப்புறம் விவகாரம் சூடுபிடித்துவிட்டது.

"மழைக்கு முன்னாடி குடோன் வோணுங்க," என்றாள் தொழிலாளி பரிமளா. எழுந்து சுற்றிப் போய் நாற்காலியில் சாய்ந்து, "இன்னா அவசரம்? பார்க்கலாம்," என்றாள் முதலாளி பரிமளா.

சொன்னதும் நெஞ்சுக்குள் ஜில்லென்று இருந்தது. பொய் சொல்வானேன், பரம சுகமாக இருந்தது. நாற்பத்திரண்டு வயசு வரைக்கும் எல்லா ஆபீசிலும் ஜன்னலுக்கு வெளியிலேயே நின்றவள் அவள். உள்ளே உட்கார்ந்து "பார்க்கலாம்" என்று சொல்வதில் இவ்வளவு ருசி இருப்பது இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே!

சாயங்காலம் யாரும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஸ்டூல்கள் காலியாகக் கிடந்தன. எதிர்ப்பே இல்லாததால் நல்லுறவு மலர்ந்துவிட்டதாக அலுவலர் எழுதிக்கொண்டு, குடோன் சாவியைப் பரிமளாவிடம் ஒப்படைத்தார். சின்னதாக ஒரு நிபந்தனைதான். சாவி முதலாளி தரப்பில் இருக்கும். கதவு திறக்கத் தொழிலாளி தரப்பு ஒவ்வொரு தடவையும் மனு கொடுக்க வேண்டும்.

வியாழக்கிழமை காலை பாவோடு குடோன் வாசலுக்கு வந்தார்கள். பதினொரு மனு வந்தது, பரிமளாவின் மனுவையும் சேர்த்து. முடிவு தெரிகிற வரை சும்மா நிற்பானேன் என்று வாசல் தெருவிலேயே பாவை இழுத்துக் கட்டினார்கள். கல்யாணத்துக்கென்றே சாயம் போட்ட அரக்குப் பட்டு.

திருமலைக் குன்றுப் பக்கம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. முதல் சொட்டு விழுந்தது.

"பரிமளா! ஜல்தி தொற!" என்று கத்தினார் ஜெயவேல்.

சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது. கதவு நாலே எட்டுத் தூரத்தில். ஆனால் கை சாவிக்குப் போகாமல் பேனாவுக்குப் போயிற்று. முதலில் தன் மனுவையே எடுத்துப் பிரித்தாள். பாவம், நல்ல கையெழுத்து, உருக்கமாகத்தான் எழுதியிருந்தாள் அந்தப் பொம்பளை. இருந்தாலும் ஒன்றைப் பார்த்தவுடனே சரியென்று சொல்லிவிட்டால் அப்புறம் முதலாளிக்கு என்ன மரியாதை? மூலையில் எழுதினாள்: "பரிசீலனையில் உள்ளது."

மழை கொட்டியது. அரக்குப் பாவு நனைந்து நடுத்தெருவில் தொய்ந்து விழுந்தது. பரிமளாவுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. கை மட்டும் அடுத்த மனுவைப் பிரித்துக்கொண்டிருந்தது.

சொட்டச் சொட்ட ஜெயவேல் அவளை நோக்கி வந்தார். இன்றைக்கு வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று அவளுக்குத் தெரியும். காதில் கேட்க முடியாத வார்த்தையாகத்தான் வரும், வரட்டும், அதைக் கேட்டாவது கதவைத் திறந்துவிடலாம் என்று கிட்டத்தட்ட ஆசையோடு காத்திருந்தாள்.

அவர் மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துவிட்டு, தோளிலிருந்த ஈரத் துண்டை இடுப்பில் கட்டினார்.

"என் மனு எத்தினியாவதா இருக்குதுங்க?"

"லஞ்சுக்கு அப்புறம் வாங்க," என்றாள் பரிமளா.