வடிகாலுக்குக் கீழே

ஆலமுறிச்சி, ஒரத்தநாடு வழி
ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை, பிற்பகல்

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை செழியன் அவர்களுக்கு,

மாமனார் குஞ்சிதபாதம் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், உங்கள் அத்தை சுகம், மாடு சுகம், புது ஆற்றில் வந்த தண்ணீரும் சுகமாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. சிங்கப்பூரில் தாங்களும் மதிவதனியும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறோம். சுகமில்லாமல் இருப்பது, பொங்கலுக்கு வந்தபோது நம் நீர்ப்பாசன சங்கத்துக்குத் தாங்கள் செய்து கொடுத்த வெப்சைட் ஒன்றுதான். போனில் சொல்லலாமென்று பார்த்தேன். வேலை நேரத்தில் தாங்கள் எடுக்க முடியாது என்று மதிவதனி சொல்லிவிட்டாள். எழுதலாமென்று லேப்டாப்பைத் திறந்தால் வெள்ளையாக ஒரு பெட்டி வந்தது. அதன் தலைமாட்டில் 'எதற்குக் கீழே?' என்று ஒரு கேள்வி. மாமனார் மாப்பிள்ளைக்கு எழுதுவதில் மேலென்ன கீழென்ன என்று, மூக்குக்கண்ணாடி கைக்கெட்டாத நிலையில், மங்கலாகத் தெரிந்த ஏதோ ஒரு பெயரைத் தொட்டுவிட்டு ஆரம்பித்திருக்கிறேன்.

நான் வாத்தியார் வேலையில் இருந்த காலத்தில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். பெயர் நஜ்மா. முத்துப்பேட்டையிலிருந்து வந்து சேர்ந்தவள். நான் பலகையில் காவிரியை வரைந்து, அதிலிருந்து ஆறு, ஆற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து மடை என்று விரல் விரலாகப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அவள் எழுந்து நின்று, "சார், எங்க ஊர் அலையாத்திக் காட்டுக்கிட்ட எல்லா ஆறும் வந்து ஒண்ணாக் கலந்து நிக்கும். அங்க நிக்கிற தண்ணி எந்த ஆத்துப் பிள்ளை சார்?" என்று கேட்டாள். நான் வாயைத் திறந்தேன், மணி அடித்தது. நல்ல மணி அது. ஆனால் அந்தக் கேள்வி வீட்டுக்குப் போகவில்லை. என்னோடேயே இருந்து, என்னோடேயே ஓய்வு பெற்று, இப்போது தங்கள் வெப்சைட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.

தாங்கள் சொல்லிக் கொடுத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரே ஒரு அப்பா பக்கம்தான், அப்பாவுக்குப் பிள்ளைப் பக்கங்கள் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம், அப்பா பக்கத்தில் ஓர் அறிவிப்பு எழுதினால் பிள்ளைகள் எல்லோர் நெற்றியிலும் அது தானே தெரியும் என்றீர்கள். என் பழைய பலகையே உயிரோடு திரும்பி வந்ததுபோல் இருந்தது எனக்கு. மேலே புது ஆறு, அதன் கீழே வடக்கு வாய்க்கால், தெற்கு வாய்க்கால், அவற்றின் கீழே மடைகள், மடைகளின் கீழே வயல்கள். அன்று பிற்பகல் முழுவதும் அதிலேயே கிடந்தேன். ஒரு பெயரைத் தொட்டால் அது விரிந்து உள்ளே நாலு பெயர், அதில் ஒன்றைத் தொட்டால் அதற்குள் ஆறு பெயர், மதகைத் தூக்கியதும் தண்ணீர் யோசித்து யோசித்துப் பிரிந்து போவதுபோல. அந்தக் கர்சர், நட்ட வயல் நடுவில் நிற்கும் கொக்கு மாதிரி, இருக்கிறேன், இல்லை, இருக்கிறேன், இல்லை என்று நின்றுகொண்டிருந்தது. உங்கள் அத்தை காபி வைத்ததும் தெரியாது, அது ஆறியதும் தெரியாது, அவர் அதை எடுத்துப்போய்த் தானே குடித்துவிட்டதும் தெரியாது.

எல்லாம் முடிந்து, குட்டைக்கரை வயல்கள் மட்டும் மிஞ்சின. அவற்றுக்கு நேராக வாய்க்கால் கிடையாது என்பது தாங்கள் அறிந்ததே. வடக்கு வாய்க்கால் தண்ணீர் மேட்டு வயல்களில் பாய்ந்து, மிஞ்சியது வடிகாலில் இறங்கி, அந்த வடிகால்தான் குட்டைக்கரைக்கு வாய்க்கால். மேட்டுக்காரர் கழித்துவிட்டது பள்ளத்துக்காரருக்குப் பாசனம். நம் ஊர்ப் பக்கம் அப்படித்தானே. ஆகவே வடக்கு வாய்க்காலுக்குக் கீழே 'வடிகால்' என்று ஒரு பக்கமும், அதற்குக் கீழே 'குட்டைக்கரை' என்று ஒரு பக்கமும் போட்டேன். போட்டுவிட்டு, அன்று உண்மையிலேயே நிம்மதியாகத் தூங்கினேன்.

சங்கத் தலைவர் தமிழரசனைத் தங்களுக்குத் தெரியும். துபாயில் பத்து வருஷம் இருந்துவிட்டு வந்து மேட்டில் நிலம் வாங்கியவர். அவர் வெப்சைட்டைப் பார்த்துவிட்டு, எல்லாம் பிரமாதம், இந்த வடிகால் மட்டும் வேண்டாம் என்றார். ஏனென்று கேட்டேன். "வெளியூர்க்காரன் பாத்தா என்ன சார் நெனைப்பான்? சங்கம்னு சொல்லிச் சாக்கடையைப் போட்டு வச்சிருக்காங்கன்னு நெனைக்க மாட்டானா?" என்றார். தலைவர் பேச்சைத் தட்டுவதெப்படி? வடிகாலைத் தொட்டு 'மறை' என்று அழுத்தினேன். வடிகால் மறைந்தது. அதன் மடியில் உட்கார்ந்திருந்த குட்டைக்கரையும் சத்தம் போடாமல் கூடவே போய்விட்டது. எனக்குத் தெரியாது. ஊரில் யாருக்கும் தெரியாது. அவரவர் அவரவர் வயலைத்தானே பார்க்கிறார்கள்.

இதற்கு நடுவில் சங்கத்தில் ஒரு விதி இருக்கிறது. அவரவர் வந்து வாய்க்கு வந்தபடி சொல்லிச் சண்டையானதால், வெப்சைட்டில் இருக்கிற முறைப்படிதான் மதகு ஷட்டரைத் திறப்பது மூடுவது, வாய்ச்சொல் செல்லாது என்று போன கூட்டத்தில் தீர்மானம் போட்டோம். அதை எழுதியவன் அடியேன். ஷட்டர் திறக்கும் முருகையன் அதை வேதமாக எடுத்துக்கொண்டார். காலையில் டீக்கடையில் உட்கார்ந்து போனைப் பார்த்தார். வடிகாலும் இல்லை, அதற்குக் கீழே வயலும் இல்லை. வயலில்லாத இடத்துக்குத் தண்ணீர் எதற்கு வீணாகப் போக வேண்டும் என்று, நல்லெண்ணத்தோடு, வடிகால் ஷட்டரை இறக்கிவிட்டார்.

மாப்பிள்ளை, பூவம்மாளுக்குச் சொந்த நிலம் கிடையாது. குட்டைக்கரையில் குத்தகைக்கு எடுத்து, தனி ஆளாக நின்று, குறுவைக்கு நாற்று விட்டிருக்கிறார். போர்வெல் கிடையாது. வடிகால் தண்ணீர்தான் எல்லாம். நாற்றங்கால் வெடித்துப்போய், நுனி சிவக்க ஆரம்பித்துவிட்டது. நாற்று போனால் இந்தக் குறுவை போச்சு, குத்தகையும் அடுத்த வருஷம் அவரிடம் இருக்காது. நேற்று வாசலில் வந்து நின்றார். சத்தமே போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"வயலு அங்கயேதான் சார் கெடக்குது. நான் இப்பத்தான் பாத்துட்டு வர்றேன். ஆனா போன்ல இல்லன்னு முருகையன் சொல்றாரு. நாத்துகிட்ட நான் என்னன்னு சொல்றது?"

நான் முருகையனிடம் ஓடினேன். திறந்துவிடுங்கள், என் பிழை என்று சொன்னேன். அவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மிகவும் பணிவாக, "வாய்ச்சொல் செல்லாதுங்க சார். நீங்க எழுதுனதுதான். போன்ல போடுங்க, தூக்கிடுறேன்" என்றார். அவரைக் குறை சொல்ல வழியில்லை. வாழ்நாள் முழுவதும் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுத்தது இதைத்தானே, எழுதியிருப்பதைப் படி என்று.

வீட்டுக்கு வந்து தேடினால் வடிகால் பக்கம் எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியவில்லை. மறைத்ததை எங்கே போய்ப் பார்ப்பது என்று தாங்கள் சொல்லித் தரவில்லை, நான் கேட்டுக்கொள்ளவும் இல்லை. சரியென்று வடக்கு வாய்க்காலுக்கு நேர் கீழே புதிதாக ஒரு குட்டைக்கரை போட்டேன். போட்ட கொஞ்ச நேரத்துக்கெல்லாம் மேட்டுக்காரர்கள் கூட்டமாக வந்துவிட்டார்கள். குட்டைக்கரைக்கு எப்போதிருந்து சார் நேர் முறை, எங்க பங்கிலிருந்து பிரிச்சுக் குடுக்கறீங்களா என்று கேட்டார்கள். நியாயம்தானே. அழித்துவிட்டேன். தலைவரிடம் போனேன். ஷட்டரை மூடியதால் இறங்க வழியில்லாத தண்ணீர் முழுவதும் அவர் வயலிலேயே தேங்கி, போன வாரம் நட்ட பயிர் நுனி மட்டும் தெரிய மூழ்கிக் கிடக்கிறது. அவர் வயல் நடுவில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். வடிகாலைப் பற்றிப் பேச்செடுத்தேன். "இந்த வருஷம் தண்ணி நல்லா நிக்குது சார்" என்றார், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

இன்று சாப்பிட்டுவிட்டுச் சற்றுக் கண்ணயர்ந்தேன். ஒரு கனவு. ஒவ்வொரு வயலும் ஒரு பக்கமாக, வரப்பு கட்டி, வானத்தைக் காட்டிக்கொண்டு கிடக்கிறது. எழுத்துகள் நாற்று மாதிரி வரிசையாக நிற்கின்றன. தண்ணீர் ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்கு, அனுமதி கேட்காமல், வரப்பில் வெட்டிய வாய்வழியாக மெதுவாக இறங்குகிறது. இறங்க இறங்க எழுத்தெல்லாம் பச்சையாகிறது. வரப்பின்மேல் நஜ்மா நடந்து வருகிறாள், அதே இரட்டைச் சடை, அதே நீலப் பாவாடை. கேள்வியை மறுபடி கேட்கவில்லை. பதிலுக்காக நிற்கிற மாதிரி நின்றாள், அவ்வளவுதான். இந்தத் தடவை மணி அடிக்கவில்லை. தண்ணீர் எங்கே நிற்கிறது என்பது ஒன்று, எங்கிருந்தெல்லாம் வந்தது என்பது வேறொன்று அம்மா, இரண்டையும் ஒரே கோட்டில் வரைந்தது என் பிழை என்றேன். தலையாட்டிவிட்டு நடந்து போய்விட்டாள். விழித்தால் மின்விசிறி நின்றிருந்தது.

ஓர் உதாரணம் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். மதிவதனியின் பெயரை எங்கள் குடும்ப அட்டையிலிருந்து நீக்கித்தான் கும்பகோணத்தில் தங்கள் வீட்டு அட்டையில் சேர்த்தோம். இரண்டு அட்டையில் ஒரு பெயர் இருக்கக் கூடாது, சரி. அதற்காக ஆடிச் சீர் நின்றுவிட்டதா? பெயர் இருப்பது ஓர் இடத்தில், போக்குவரத்து இரண்டு இடத்திலும். அதுபோல் குட்டைக்கரை வடிகாலுக்குக் கீழேயே குடியிருக்கட்டும். வடக்கு வாய்க்கால் பக்கத்தில் 'உறவுள்ள வயல்கள்' என்று சின்னதாக ஓர் இணைப்பு மட்டும் இருக்கட்டும். அதைத் தொட்டால் குட்டைக்கரைக்குப் போய்ச் சேர வேண்டும். அப்பாவை மாற்றவும் வேண்டாம், இரண்டு பிரதி எடுக்கவும் வேண்டாம்.

ஆனால் இதையெல்லாம் செய்கிற கை என்னுடையதல்ல என்று தெளிவாகிவிட்டது. ஆகவே தாங்கள் இதைப் பார்த்தவுடன் அந்த வடிகாலைத் தேடியெடுத்து வெளியே விட்டுவிட்டு, என் பாஸ்வேர்டைப் பறித்துக்கொண்டு, வெப்சைட்டை மூடிவிட வேண்டும். பழையபடி தகர போர்டில் சாக்பீஸால் எழுதிக்கொள்கிறோம். இது நமக்குள் இருக்கட்டும். தலைவரின் முழங்காலைப் பற்றி நான் எழுதியது வெளியே தெரிந்தால் ஊரில் தலைகாட்ட முடியாது.

தங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு எங்கள் வணக்கம். தாங்களும் எங்கள் பெண்ணும் நிறைந்த வாய்க்கால்போல் ஓய்வில்லாமல், சத்தமில்லாமல், நீண்டகாலம் நடக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

தங்கள் மாமனார்
குஞ்சிதபாதம்

பின்குறிப்பு: பொழுது சாய்கிறது. கடிதத்தை அனுப்பக் கீழே பச்சைப் பொத்தான் ஒன்று இருந்தது. அழுத்தினேன். 'மேலே உள்ள பக்கம் மறைவில் உள்ளது, அதையும் சேர்த்து வெளியிடவா?' என்று கேட்டது. தபால்காரர்கள் இப்போது இப்படிக் கேட்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, ஆம் என்றேன். சற்று நேரத்தில் முருகையன் வண்டியை வாசலில் நிறுத்தினார். "கடுதாசி படிச்சேன் சார். என்னோட கைலியை எல்லாம் எழுதியிருக்க வேணாம். வடிகாலுக்குக் கீழ குட்டைக்கரையும் வந்திருச்சு, உங்க கடுதாசியும் வந்திருச்சு. ஷட்டரைத் தூக்கிட்டேன்" என்றார். அப்புறம்தான் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தேன். மறைத்த பக்கங்கள் அந்த 'எதற்குக் கீழே?' பெட்டியில் மங்கலாகத் தெரியுமாம். நான் தொட்டது அந்த வடிகாலைத்தான்.

தலைவரும் வந்தார். முழுவதும் படித்திருந்தார். உங்கள் அத்தை கொடுத்த காபியைக் குடித்து முடித்தார். "வயல்ல தண்ணி வடியுது சார். வடிகால் இருக்கட்டும். அந்த முழங்காலை மட்டும் எடுத்துடுங்க" என்றார். எடுக்கத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். பூவம்மாள் வரவில்லை. போய்ப் பார்த்தேன். நாற்றங்காலில் கணுக்கால் நனைய நின்று, வெடிப்பு வெடிப்பாகத் தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முக்கால்வாசி தேறிவிடும் என்றார். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

ஆகவே மேலே கேட்ட எதையும் செய்ய வேண்டாம். பாஸ்வேர்டு என்னிடமே இருக்கட்டும். கடிதமும் அங்கேயே இருக்கட்டும். இதைத் தூக்கினால் கூடவே எது போகுமோ, எனக்குத் தெரியாது. தாங்கள் ஒன்று மட்டும் செய்து பாருங்கள். நாளை வேலைக்குப் போனதும் ஏதாவது ஒரு பக்கத்தை எடுத்து, மறைப்பதற்கு முன்னால், அதற்குக் கீழே யார் குடியிருக்கிறார்கள் என்று திறந்து பாருங்கள்.